எண்ணெய் ஊற்றாத தீ

தீ விபத்துகளை ஆராய்கிறவர்கள், கொளுத்திப் பார்ப்பதற்கென்றே கட்டிய அறையில் ஒரு பழைய சோபாவைக் கொண்டுவந்து போட்டார்கள்.

"என்னை எரிக்கப் போறாங்களா? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று சோபா நடுங்கியது.

தரைக்கு மனசு கேட்கவில்லை. "நீ ஒண்ணும் செய்யல. வீடு எரிஞ்சு பிள்ளையைப் பறிகொடுத்தவ ஒருத்தி ஜெயில்ல இருக்கா. தரையில கருந்திட்டு இருந்துச்சாம். அவளே மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திட்டாள்னு கேஸு. ஊத்தாமலே அந்தத் திட்டு விழுமான்னு பார்க்கணுமாம்."

சோபாவின் நடுக்கம் நின்றது. பிறகு, "அப்படின்னா பத்த வைக்கட்டும்" என்றது.

தீ பற்றியது. உள்ளிருந்த ஸ்பாஞ்சு உருகித் தரையில் சொட்டி எரிந்தது.

"உனக்குச் சுடுதா?" என்று எரிந்துகொண்டே கேட்டது சோபா.

"நீ விழு. நான் தாங்கிக்கிறேன்" என்றது தரை, பல்லைக் கடித்துக்கொண்டு.

தீயை அணைத்தபின் அதிகாரி குனிந்து பார்த்தார். அதே கருந்திட்டு.

"இதை வச்சா அந்தம்மாவை உள்ள தள்ளினோம்?" என்றார்.

"கேட்டியா?" என்றது தரை. சாம்பல் கதகதவென்று தரைமேல் சாய்ந்து கிடந்தது.