எதிர்த்தரப்பு

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்ததும் அணைத்தேன். புட்டுக்கு மாவு நனைத்தேன், ஒரு ஆளுக்கு.

பால் விடாத கட்டன் சாயா. பத்திரிகை. முதல் கண்ணூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஏழரைக்குத் தாஹிரா வக்கீல் வந்தார். கறுப்புக் கோட்டு தோளில் தொங்கியது. கொண்டுவந்த தாளை மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு பென்சிலையும் வைத்தார்.

வக்கீல் சங்கத்தின் மாதச் செய்தி மடல்; இப்போது அதைப் பார்த்துக்கொள்வது அவர்தான். மூன்றாம் பக்கத்தின் புரூஃப். அஞ்சலிப் பத்தியில் பிரஜிஷாவின் படம்.

என் மனைவி. ஆறு வருடம் அந்த மடலை எடிட் செய்தவள். இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

படத்துக்குக் கீழே முதல் வரி சங்கத் தலைவர் எழுதியது. மருத்துவமனையில் என் கையைப் பற்றிக்கொண்டு அவள் கடைசியாகச் சொன்னாளாம்: "நீதியின் விளக்கு அணையக் கூடாது."

"இப்படியா பேசுவா அவ?" என்றார் தாஹிரா. "இதை நான் எடுத்துடறேன். ஆனா அந்த எடத்துல வைக்க உண்மையா ஒரு வரி வேணும். சும்மா விட்டா தலைவர் மறுபடியும் விளக்கை ஏத்திடுவார்."

பிரஜிஷா அஞ்சலி எழுதும் முறை கோர்ட் முழுக்கத் தெரியும். இறந்தவரின் நண்பர்களைக் கேட்க மாட்டாள். ஜூனியர்களையும் கேட்க மாட்டாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்வாள். எதிரே நின்று வாதாடியவருக்குத்தான் ஆளைத் தெரியும் என்பாள்.

தலைவரின் மாமனார் இறந்தபோது, 'சட்ட வானின் துருவ நட்சத்திரம்' என்று எழுதி வந்தது. அதை அடித்தாள். முப்பது வருடம் அவருக்கு எதிராக நின்ற குஞ்ஞம்பு வக்கீல் போனில் சொன்னதை அப்படியே போட்டாள்.

"பொய் சொல்லி வாய்தா வாங்கினது ஒரே ஒரு தடவை. முந்தின ராத்திரி உலகக் கோப்பை ஃபுட்பால்ல பிரேசில் தோத்திருந்தது."

தலைவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. தலைவரின் மனைவி அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மூத்த வக்கீல்கள் நாலு பக்கத்துக்குக் கட்டுரை கொடுப்பார்கள். 'மேற்படி'யும் 'மேற்சொன்ன'வும் போனால் ஒரு பக்கம் மிஞ்சும். ஓரத்தில் சிவப்பில் கேட்டிருப்பாள்: 'இதில் தாங்கள் கோரும் பரிகாரம் என்ன?' ஜட்ஜ் கேட்டால்கூட அசராதவர்கள் அந்த ஓரத்துக்குப் பயந்தார்கள். பயந்துகொண்டே அடுத்த மாதமும் எழுதிக் கொடுத்தார்கள்.

புதிதாகப் பதிவு செய்தவர்களின் பட்டியல் வந்தால், ஒவ்வொருவருக்கும் போன் செய்து இனிஷியலைக் கேட்பாள். முதல் தடவை வக்கீல் என்று அச்சில் பெயர் வருகிறது, வீட்டில் எல்லோருக்கும் காட்டுவார்கள், தப்பாக வரக் கூடாது என்பாள்.

கடைசிப் புரூஃபைக் கீழிருந்து மேலாகப் படிப்பாள். மேலிருந்து படித்தால் அர்த்தம் இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பித்துவிடும்.

"அவ முறைப்படிதான் செய்யப் போறேன்" என்றார் தாஹிரா. "வீட்டுல எதிர்த்தரப்பு நீதானே சுபீஷே? ஏழு வருஷம் எதிர்ல நின்னிருக்கே. அவகிட்ட இருந்த ஒரு குறையைச் சொல்லு. ஒம்போதரைக்கு ஆள் அனுப்பறேன். பத்துக்கு அச்சுக்குப் போகுது."

"சாயா குடிச்சுட்டுப் போங்க தாஹிராத்தா."

"நீ போட்ட சாயாவைப் பத்தி அவ சொல்லியிருக்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

உட்கார்ந்தேன்.

எழுதினேன்: சாயாவை ஆறவிடுவாள். அழித்தேன். யாரோ ஒருவரின் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்ததால் ஆறியது அது.

எழுதினேன்: எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்து விட்டுப்போனது. முந்நூறிலும் கையால் சேர்த்தாள், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டிய நாளில்.

குறை என்று நினைத்துத்தான் எழுதினேன். படித்துப் பார்த்தால் புகழ்ச்சியாக இருந்தது. அழித்தேன்.

இன்னும் மூன்று. மூன்றும் அப்படியே ஆயின. தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

ஒன்பது இருபது. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. வெறும் இடத்தோடு கொடுத்தால் விளக்கு திரும்ப வரும். அவள் சொல்லாத ஒன்று அவள் பெயரில், அவள் மடலில், அச்சில்.

அவள் என் கையைப் பற்றவில்லை. பற்றுவதற்குக் கை காலியாக இல்லை. அந்த மாதப் புரூஃப் இருந்தது. தலையை மழித்திருந்தார்கள். அறுவை சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், கொடு, என்று கையை நீட்டினேன். அவள் தாள்களை மார்போடு இழுத்துக்கொண்டாள். ஒன்று சொன்னாள். கட்டில் நகர்ந்தது.

இதுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

தலைவரின் வரியைக் குறுக்கே அடித்தேன். அதற்கு மேல், ஒரு எழுத்தும் திருத்தாமல் எழுதினேன்:

"தாஹிராத்தாகிட்ட குடு. உனக்கு என் தப்பு கண்ணுலயே படாதுடா."