சிவப்பு வாடாமல்லி

“பூவாமே இது? தொடப்பக்குச்சியாட்டம் நீட்டிக்கினு கீது!”

முத்தம்மா திட்டியது மருமகள் மெர்சியை. ஆனால் அது பக்கத்தில் நின்ற உபதேசியார் அந்தோணியின் காதில் விழவேண்டும்.

இன்று கல்லறைத் திருநாள். முத்தம்மாவின் மகன் ஸ்டீவன் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது. பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் அந்தோணி தலைமையில் இரண்டு வீட்டாரும் உட்காரப்போகிறார்கள். ஸ்டீவனின் மகள் ஸ்நேகா யாரிடம் வளர்வது? அப்பனைப் பெற்றவளிடமா, அவளைப் பெற்றவளிடமா?

மெர்சி கொத்தைக் கல்லறைமேல் வைத்தாள். இலந்தைப்பழம் போலச் சிறுத்துச் சிவந்த வாடாமல்லி.

முத்தம்மா அதைப் புறங்கையால் ஓரம் தள்ளிவிட்டுத் தன் மாலையைப் போட்டாள். கொழுத்த ஊதா உருண்டைகள்.

“பாருங்க உபதேசியாரே, பூன்னா இது பூ. எங்க ஊட்டு ஊதா தரைய உட்டு எழாது. அடக்கமா, அகலமா படர்ந்து கெடக்கும். இவ சிவப்பு கீதே, நெட்டநெடுன்னு மேலயே போவும். கொணம் அப்படி.”

எந்தக் குணத்தைச் சொல்கிறாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சிவப்பு, ஸ்டீவன் சிப்காட் கம்பெனித் தோட்டத்திலிருந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த விதை. மெர்சிக்காகக் கொண்டுவந்தான். அம்மாவின் ஊதாவுக்கு நடுவில் விதைத்தான். அது ஊதாவைத் தாண்டி உயர்ந்ததுமே முத்தம்மா பிடுங்கி எறிந்தாள். அவன் போன பிறகு மெர்சி மிச்ச விதையோடு அத்திப்பட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

“ஒன்ர வருசமா புருசன் கல்லறைய எட்டிப் பாக்காதவ, இன்னிக்கு சீன் காட்ட வந்துகீறா. இவளாண்டயா புள்ளைய உடறது?”

“மாசாமாசம் இதே பூவோட வந்துனுதான் கீறேன் அத்தே. ஷிப்டு முடிச்சி, ரயிலேறி.”

“எவ பாத்தா? இன்னா அத்தாட்சி?”

மெர்சி குனிந்து கல்லறையைச் சுற்றிலும் பார்த்தாள். எதையோ தேடுவது போல.

வாடாமல்லிக்குக் காய்ந்த பூதான் விதை. வைத்த இடத்திலேயே உதிரும். ஒரு மழை போதும், முளைத்துவிடும்.

கல்லறையைச் சுற்றி வெறும் மண்தான் இருந்தது. ஒரு புல் பூண்டு இல்லை.

“தேடு, நல்லா தேடு” என்றாள் முத்தம்மா.

மெழுகுவத்தி காற்றில் அணைந்தது. மறைவில் ஏற்றலாம் என்று அந்தோணி சிலுவைக்குப் பின்னால் போனார். போனவர் நின்றுவிட்டார்.

“இன்னாம்மா செடி இது?”

சிலுவைக்கும் மதிலுக்கும் இடையே இருந்த இடுக்கில் ஒற்றைச் செடி. முழங்கால் உயரம் இருந்தது. நுனியில் மிளகளவு மொட்டு, இன்னும் நிறம் ஏறாதது.

முத்தம்மா மெர்சியை முந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“நம்ம ஊதாதான், உபதேசியாரே. நான் போட்ட மாலை முளைச்சிகீது.”

அந்தோணி செடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். அது பக்கத்தில் ஒரு கிளைகூட விடாமல் நெட்டென்று நின்றது.

“உங்க ஊதா தரைய உட்டு எழாதுன்னியே?”

முத்தம்மாவின் கை அதற்குள் செடியின் தூரைப் பிடித்திருந்தது. வேர் அறாமல் ஒரே இழுப்பில் வரும்படி, மண்ணை ஒட்டி, சரியான இடத்தில். ஒவ்வொரு மாதமும் மெர்சி வந்து போன பிறகு பிடித்த அதே பிடி.