வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு

அவள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

வாலிபால் தனியாக ஆடுகிற ஆட்டமா? இல்லைதான். வலைக்கு இந்தப் பக்கம் நின்று பந்தை அடித்தாள். அது அந்தப் பக்கம் போய்ப் புழுதியில் விழுந்தது. வலையைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தாள். அங்கிருந்து இந்தப் பக்கம் அடித்தாள்.

மறுபடி சுற்றினாள்.

வெயிலில் ஒருத்தி இப்படி அல்லாடினால், பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் துணியையா எடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு பத்தாம் வகுப்புக்கு. அட்டவணைப்படி விளையாட்டு. வழக்கப்படி கணக்கு.

இந்த வழக்கத்தின் வயதுதான் சௌந்திரவல்லி டீச்சரின் சர்வீஸும். "ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கறேன்" என்பார். அந்தப் பத்து நிமிடம் மணி அடித்த பிறகுதான் முடியும். முன்பிருந்த பி.டி. சார் அந்த நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் வாய் பிளந்து தூங்கினார். தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கி ரிட்டையரும் ஆனார்.

அவர் இடத்துக்கு வந்தவள் இவள். வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை.

இன்னும் தூங்கப் பழகவில்லை.

நாளைக் காலை சுற்றுவட்டப் பள்ளிகளோடு குறுவட்டப் போட்டி. அணியின் ஆறு பெண்களும் அந்த வகுப்பில்தான். ஆறு பேரும் ஒருநாள்கூடச் சேர்ந்து களத்தில் நின்றதில்லை.

சற்றுமுன் வகுப்பு வாசலில் போய்க் கேட்டாள்.

"நாளைக்கு மேட்ச் டீச்சர். இன்னிக்கு மட்டும் விடுங்க."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"பந்து எங்கயும் ஓடிப்போயிடாதும்மா. பப்ளிக் எக்ஸாம்ல நீயா வந்து மார்க் போடுவ?"

வகுப்பு சிரித்தது. ஆறு பேர் மட்டும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

அப்புறம்தான் இந்தத் தனி ஆட்டம்.

தொப்.

ஜன்னலுக்குள் டீச்சரின் குரல் ஒரு படி ஏறியது.

தொப்.

இன்னொரு படி.

தொப்.

குரல் நின்றது. சௌந்திரவல்லி டீச்சர் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தில் இறங்கினார். அவர் கால் அந்த மண்ணில் பட்டு எதிர் வீட்டார் பார்த்ததே இல்லை. பந்தை எடுத்தார். குடத்தைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

மறுபடி தாழ்ப்பாள்.

இப்போது பந்து மேசைமேல், டஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியே நன்றாகத் தெரிந்தது.

அவள் விசிலை வாயில் வைத்தாள். எடுத்தாள். அதன் கயிற்றை விரலில் முறுக்கினாள். அவிழ்த்தாள்.

ஹெச்.எம்.மிடம் போகலாம். ஹெச்.எம்.மும் டீச்சரும் மத்தியானம் ஒரே டப்பாவில் கை வைப்பவர்கள். போய் என்ன?

உடற்கல்விக் கல்லூரியில் முதல் மாதம் பந்தையே கண்ணில் காட்டவில்லை. முதலில் கை பழகட்டும் என்றார்கள்.

இடது கையை நீட்டினாள். இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டாள்.

அடித்தாள்.

வலையைச் சுற்றிக்கொண்டு போனாள். குனிந்து எடுத்தாள். அதில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டினாள்.

பைத்தியமா என்று மாடியில் யாரோ கேட்டார்கள். எல்லோரும் பார்ப்பதில் இருந்தார்கள்.

அங்கிருந்து அடித்தாள். ஜன்னலுக்குள் ஒரு தலை திரும்பியது.

அடுத்த அடிக்கு ஆறு தலை.

அதற்கடுத்து மொத்த வகுப்பும் இடமிருந்து வலம் போனது. வலமிருந்து இடம் வந்தது.

கணக்கு பாதியில் நின்றது. டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

மெல்லத் திரும்பி நின்றாள். வலையைப் பார்த்து அல்ல. ஜன்னலைப் பார்த்து.

உயரத் தூக்கிப் போட்டாள். ஒரு பருவத்து வெள்ளிக்கிழமைகளை எல்லாம் கையில் திரட்டி, ஓர் அடி.

சௌந்திரவல்லி டீச்சர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

மொத்த வகுப்பும் அதைப் பார்த்தது.

குனிந்த தலை நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தபோது கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது கை.

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

முதலில் வெளியே வந்தது பந்துதான்.