முட்டைக்கும் புழுவுக்கும் நடுவே

“முட்டை இருக்கு. புழு இல்ல. நடுவுல யாரோ பூந்து விளையாடுறாங்க, அக்கா!”

எலுமிச்சை இலை ஒன்றைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னவர், பூங்காவின் பட்டாம்பூச்சிக் கூடத்துக்குப் பொறுப்பாளர். மூக்கை அழுத்தும் தடித்த கண்ணாடிக்காகப் ‘பூதக்கண்ணாடி’ என்று அவருக்குப் பட்டப்பெயர். எதிரே நின்றவர் கூடத்தைச் சுத்தம் செய்யும் அக்கா.

டிக்கெட் கிழிக்கும் அண்ணன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “சார், முட்டையைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? ஆம்லெட் போட்டாலாவது நாலு பேர் வருவாங்க.”

“நீ வேற ஏன்யா வயித்தெரிச்சலைக் கிளப்புற?”

அண்ணன் சிரிக்கலாம். இரண்டு மாதத்துக்குள் இந்தக் கூடத்திலேயே பிறந்த ஒரு பட்டாம்பூச்சியையாவது காட்டாவிட்டால் கூடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக மேலதிகாரி கடிதம் அனுப்பியிருந்தார். வண்டிக்கும் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும். மற்ற இருவருக்கும் அதோடு வேலை போச்சு. கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது.

“சார், கடைசியா வெளியிலேர்ந்து அம்பது பட்டாம்பூச்சி கொண்டுவந்தோமே, அதுங்கள்ல ஒண்ணைக் காட்டி ஒப்பேத்த முடியாதா?”

“அதுங்க ஆயுசே ரெண்டு மூணு வாரம்தான், அக்கா. இப்ப ஆறோ ஏழோதான் மிச்சம். இது சக்கரம் மாதிரி. முட்டை, புழு, கூடு, மறுபடி பட்டாம்பூச்சி. நம்ம சக்கரம் ஒரு இடத்துல சிக்கி நிக்குது.”

விளக்கம் சொல்ல ஆள் கிடைத்துவிட்டால் பூதக்கண்ணாடிக்குக் கவலைகூட மறந்துவிடும். “அம்மாக்காரி இலையில உட்கார்ந்து காலாலேயே ருசி பார்ப்பா. எலுமிச்சை, நாரத்தை, வில்வம்னு ஒரே குடும்பத்துச் செடியா இருந்தாத்தான் முட்டை வைப்பா. வேற இலையில வச்சா பிள்ளைங்க பட்டினிதானே? நம்ம செடியில கடுகு கடுகா வச்சிருக்கா, பாருங்க. அவமேல தப்பே இல்ல.”

“அப்ப எறும்பு?”

“ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில தண்ணித் தட்டு வச்சாச்சு.”

“பல்லி?”

“இருந்த நாலையும் பிடிச்சு வெளிய விட்டாச்சு.”

“எவனாவது மருந்து அடிச்சிருப்பான்,” என்றார் அண்ணன், வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து.

“அதையும் பார்த்துட்டேன்.” பூதக்கண்ணாடி பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். “ஒன்பது நாளைக்கு முன்னாடி முட்டையோட நாலு இலை கிள்ளி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். இதே செடிகளோட இலையைத்தான் தினமும் போட்டேன். நாலும் பொரிஞ்சிடுச்சு! தின்னுது, தூங்குது, மறுபடி தின்னுது. ‘என் தம்பி மாதிரியே இருக்கு’ன்னு என் வீட்டுக்காரியே ஒத்துக்கிட்டா.”

அக்கா நெஞ்சில் கைவைத்தார். “அப்பாடா! நாலு உசிராவது இருக்கே. அப்ப வேலை தப்பிச்சதா, சார்?”

“அதுதான் இல்ல. கூடத்துல பிறந்ததுதான் வேணும்னு கடிதத்துல போட்டிருக்கே. டப்பாவுல பிறந்தா செல்லாது. ஆனா ஒண்ணு தெளிவாயிடுச்சு. முட்டை நல்ல முட்டை, இலை நல்ல இலை. தப்பு இந்தக் கூடத்துக்குள்ளதான் நடக்குது. அதுவும் காலையில நான் வர்றதுக்குள்ள.”

“அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சுடறேன்!” அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். “நானும்தான் மூணு மாசமாத் தேடுறேன், சார். வாசல் போர்டுல வரைஞ்சிருக்கே, கொழுகொழுன்னு பச்சையா. அந்த மாதிரி ஒரு புழுகூட என் கண்ல படல.”

“இந்தாங்க, இப்பவாவது பாருங்க.” அவர் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

அக்கா எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். சட்டென்று இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை உருவி டப்பாவுக்குள் கையை விட்டார்.

“அக்கா! என்ன பண்றீங்க?” பூதக்கண்ணாடி டப்பாவைப் பின்னுக்கு இழுத்தார்.

“எதுக்கு சார் பதறுறீங்க? குருவி எச்சம் கிடக்கு, துடைக்க வேண்டாமா? இங்க இலையெல்லாம் தினமும் இதே கூத்துதான். அஞ்சரை மணிக்கே வந்து ஒண்ணு விடாம வழிச்செடுத்தாத்தான் நீங்க வர்றப்ப பளபளன்னு இருக்கு.”

பூதக்கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார். கூடத்தின் மேலே ஒரு குருவிகூட நுழைய முடியாத வலை. டப்பாவுக்குள் அந்த எச்சங்களில் ஒன்று மெல்லத் தலையைத் தூக்கி இலையைக் கடித்தது.

இருபது நாளில் முதல் முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பச்சை ஆகுறது கடைசியிலதான், அக்கா. அதுவரைக்கும் குருவி கொத்தாம இருக்க எச்சம் மாதிரி வேஷம். நமக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு, முட்டை பட்டாம்பூச்சியாக ஒரு மாசம் போதும். நாளையிலேர்ந்து இலையைத் துடைக்காதீங்க!”