மூன்றில் ஒன்றில் பாதி

"பெருக்கினா பெரிசாகத்தானே ஆகணும்? அரையையும் மூணில் ஒண்ணையும் பெருக்கினா எப்படிம்மா ஆறில் ஒண்ணாச் சிறுத்துப்போகுது?" அப்பா மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"கவனிக்கவே மாட்டேங்கிறீங்கப்பா!" ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் அலுத்துக்கொண்டே ஒரு தாளை எடுத்தாள். "எங்க டீச்சர் காட்டின மாதிரியே நீளவாக்குல மூணா மடிச்சிட்டேன். இப்ப நீங்க குறுக்கால பாதியா மடிச்சு, விரிச்சு எண்ணுங்க."

எண்ணினார். ஆறு கட்டங்கள்.

"மூணில் ஒண்ணுல பாதி, இந்த ஒரே கட்டம். அவ்வளவுதான்!"

அவர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது.

"இன்னும் புரியலையாப்பா?"

"புரிஞ்சிடுச்சும்மா. இன்னைக்கு ஒரு பொண்ணு என்கிட்ட இதையேதான் கேட்டா. பதில் சொல்லத் தெரியாம, அதிகப்பிரசங்கின்னு திட்டி வகுப்புக்கு வெளியே நிக்க வச்சிட்டேன்" என்றார், இருபது வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கும் அப்பா.