இறந்தகாலத்தில் ஒரு மனைவி

“என்ரை மனுசன் என்னை இறந்தகாலத்திலை போட்டிட்டார், சேர்.”

வகுப்பு முடிந்து மற்றவர்கள் எல்லாரும் போன பிறகும் நிமலினி வாங்கை விட்டு எழும்பவில்லை. செபநாயகம் மாஸ்டர் சோக்குக் கட்டியோடு திரும்பினார். பாரிசில் இருபது வருடம் கோப்பை கழுவிப் பிரெஞ்சு பழகி, இப்போது மானிப்பாயில் அதை விற்றுச் சீவிக்கிற மனிதர்.

“ஆர், ஜெரோசனோ? என்னவாம்?”

“காலமை ஒன்பது மணிக்கு எடுத்தனான். பிரான்சிலை விடிய அஞ்சரை, படுக்கையிலை கிடந்துதான் கதைச்சவர். பெடியளோடை ஒரே அறையிலை இருந்த மனுசன், எனக்கெண்டு தனி அறை எடுத்து ரெண்டு வருசமா வழி பாத்துக்கொண்டிருக்கிறார், சேர்! ‘சோதினை பாஸ் பண்ணிப்போட்டுக் கெதியா வா’ எண்டார். பிறகு போனைக் கட் பண்ண மறந்திட்டார் போலை. பிரெஞ்சிலை சொன்னது கேட்டுது: ‘செத்தே மா ஃபாம்.’”

கண்ணைத் துடைத்தாள்.

“மா ஃபாம் எண்டால் என்ரை மனிசி. செத்தே எண்டால் ‘இருந்தது’. சந்தியிலை தபால்பெட்டி இருந்தது, இப்ப இல்லை எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? அப்ப நானும் தபால்பெட்டியோ?”

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் சோக்குத் தூள் பறந்தது.

“அட விசர்ப் பிள்ளை! பாடத்தை அரைவாசியிலை விட்டது என்ரை பிழை. போனை வைச்ச உடனை ‘ஆர் அது?’ எண்டு கேட்டால், பிரெஞ்சுக்காரங்கள் இறந்தகாலத்திலைதான் மறுமொழி சொல்லுவாங்கள். முடிஞ்சது கோல், கலியாணமில்லை. ‘கதைச்சது என்ரை மனிசி’, அவ்வளவுதான்.”

பலகையிலும் எழுதிக் காட்டினார். மேலே கேள்வி: ‘செத்தே கீ?’, ஆர் அது? கீழே மறுமொழி: ‘செத்தே மா ஃபாம்.’

நிமலினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தோடு கொப்பியை விரித்து, கீழ்வரியை முதலில் வடிவாக எழுதினாள். ‘மா ஃபாம்’ என்பதற்கு இரண்டு கோடும் போட்டாள்.

பிறகு மேல்வரி. ‘கீ’க்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடப் போன பேனை அப்படியே நின்றது.

மாஸ்டர் அவசர அவசரமாகப் பலகையை அழிக்கத் தொடங்கினார்.

“சேர்... அந்த நேரம், அந்த அறைக்குள்ளை, கேள்வி கேட்டது ஆர்?”