குடியிருந்ததற்கு ஆதாரம்

வன உரிமை அலுவலகத்துக்கு அந்தப் பெண் ஏழாவது முறையாக வந்திருந்தாள்.

“காட்டுல குடியிருந்ததுக்கு அரசாங்கக் காகிதம் வேணும்மா. மாமனார் நட்ட மரம், அவரைப் புதைச்ச இடமெல்லாம் ஆதாரமாகாது,” என்றார் அதிகாரி.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். முதல் சில வரிகளிலேயே அவர் முகம் மலர்ந்தது.

“வீட்டுக்காரர் பேரு, காட்டுக் குடிசை, இருபது வருஷமா அங்கேதான்னு எழுதி முத்திரையும் இருக்கு. இதை முதல்லயே காட்டக் கூடாதா? பட்டா கிடைச்ச மாதிரிதான். அவரைக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடட்டும்.”

அவள் அசையவில்லை.

“மீதியையும் படிங்க சார். அந்தக் குடிசை வாசல்ல வனக்காவலர் அவரைச் சுட்டுக் கொன்னப்போ, போலீஸ் எழுதினது அது.”

அதிகாரி கடைசி வரி வரை படித்தார். பிறகு மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் கட்டைவிரலை நீட்டினாள்.